எம்என்டி: அப்பா தானாக எதையும் தொடங்குவதில்லை

கேள்வி:
அப்பாவுக்குப் போன வருடம் மோட்டார் நியூரான் நோய் (எம்என்டி) என்றார்கள், தசைகளை இயக்கும் நரம்புகள் போகப்போகச் செயலிழக்கும் நோய், அதில் ஏஎல்எஸ் வகை. வலது கை மோசம், நடை பரவாயில்லை, இடது கையால் சாப்பிட முடியும். ஆனால் தட்டை வைத்தால் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், நான் "சாப்பிடுங்கப்பா" என்றால்தான் கை போகிறது. குளிக்கக் கூப்பிட்டால் அசைய மாட்டார், ஆனால் இனிப்பை மட்டும் கேட்டு வாங்கி வாய் நிறைய அடைத்துக்கொள்கிறார். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது என்ன ஏது என்றுகூடக் கேட்கவில்லை, அப்படிப்பட்ட ஆளே இல்லை அவர். சித்தப்பா "மனசு விட்டுப்போச்சு" என்கிறார். இந்த நோயில் மூளை தெளிவாக இருக்கும் என்றுதானே சொல்வார்கள்?

பதில் 1 (பிசியோதெரபிஸ்ட்):
அது பழைய பேச்சுங்க. ஏஎல்எஸ் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு யோசனையிலோ நடத்தையிலோ ஏதாவது மாற்றம் இருக்கும், பலருக்கு லேசாக, சிலருக்கு ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா வரை, அதாவது மூளையின் முன், பக்கப் பகுதிகள் பாதித்து குணமும் நடத்தையும் மாறும் நோய் வரை போகும். ஞாபகசக்தி பெரும்பாலும் நன்றாகவே இருப்பதால் வீட்டில் பிடிபடாது, பிடிவாதம் என்று நினைத்துவிடுவார்கள். மன அழுத்தம் என்றால் பொதுவாக ஆள் வருந்துவார், புலம்புவார். இதில் அக்கறையே வற்றிவிடும். அன்றாட வேலைகளை எவ்வளவு செய்ய முடிகிறது என்று நாங்கள் போடும் ஏஎல்எஸ்எஃப்ஆர்எஸ்-ஆர் 48 மதிப்பெண் கணக்கில் இதெல்லாம் வராது, உடை உடுத்த மார்க் குறைந்தால் கை பலவீனம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். யோசனை, நடத்தை மாற்றங்களைப் பார்க்க எடின்பரோவில் உருவான ஈகாஸ் என்ற சோதனை இருக்கிறது, 15-20 நிமிடம், கையோ பேச்சோ தளர்ந்தவர்களுக்கும் பொருந்தும். வீட்டாரிடம் தனியாகவும் கேட்பார்கள், அம்மா அப்பாவின் முன்னால் பேசத் தயங்குவார், தனியே பேச விடுங்கள்.

பதில் 2:
என் கணவருக்கும் இதே நோய்தான். முதலில் மூச்சைப் பாருங்கம்மா, இரவில் மூச்சு குறைந்தால் காலையில் தலைவலி, பகலெல்லாம் மந்தம், அதுவும் இப்படித்தான் தெரியும். பைபாப் (முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் கருவி) போட்டபின் இவருக்குத் தூக்கக் கலக்கம் தெளிந்தது, அசட்டை மட்டும் போகவில்லை. "எந்தச் சட்டை வேணும்" என்று நான் கேட்பதே இல்லை, சட்டையைப் பிடித்துக்கொண்டு "கையை விடுங்க" என்பேன், மீதியை அவரே போட்டுக்கொள்வார். இனிப்பைச் சின்னத் துண்டாக ஒவ்வொன்றாகக் கொடுங்கள், புரையேறினால் ஆபத்து. ஜிபே, வங்கி விஷயங்களையும் ஒரு கண் பாருங்கள். உணவு கொடுக்க வயிற்றில் குழாய் வைப்பது பற்றி அவர் விருப்பத்தை இப்போதே கேட்டுவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

பதில் 3:
சித்தப்பா சொல்வதையும் ஒரேயடியாக ஒதுக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது டிமென்ஷியாவோ இந்த நோயோ இருந்ததா? சி9 (C9orf72) என்ற மரபணுவில் வரும் மாற்றம் இரண்டையும் கொண்டுவரும், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேட்டவர்:
காலைத் தலைவலி இருக்கிறதுங்க, வெயில் என்று விட்டுவிட்டோம். அத்தை ஒருவருக்குக் கடைசிக் காலத்தில் நடத்தை மாறியது, அதையும் எழுதி எடுத்துப் போகிறேன். ஈகாஸ் தமிழில் எங்காவது செய்கிறார்களா?