நடக்கும்போது முழங்கால் பின்னுக்கு வளைகிறது: குவாட்ரிசெப்ஸா, கணுக்காலா?

கேட்பவர்: அல்சூர் பிசியோ

பெங்களூரில் அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கம் ஹோம் விசிட் பார்க்கிறேன். 58 வயது அம்மா ஒருவர். ஸ்ட்ரோக் வந்து 7 மாதம், வலப்பக்கம் பலவீனம். கைத்தடி இல்லாமல் நடக்கிறார். ஆனால் வலது காலில் பாரம் ஏறினால் முழங்கால் பின்பக்கமாக வளைகிறது. பார்வைக்கு 15 டிகிரி இருக்கும், முழங்கால் குழியில் வலியும் தொடங்கிவிட்டது. உட்காரவைத்துப் பார்த்தால் குவாட்ரிசெப்ஸ் (தொடையின் முன்பக்கத் தசை) பலம் 5-க்கு 4, அதாவது கிரேடு 4. இதற்கு முன் பார்த்த இடத்தில் மணல்மூட்டை கட்டிக் காலை நீட்டும் பயிற்சி மட்டும் தந்திருக்கிறார்கள், பலனில்லை. பிளாஸ்டிக் ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் கவசம்) போடுகிறார். ஷூ போட்டு வெளியே நடந்தால் இவ்வளவு இல்லை, வீட்டுக்குள்தான் மோசம் என்கிறார் மகள். எந்தத் தசையில் கைவைப்பது?

பதில் 1: நியூரோ பிசியோ, ஜெயநகர்

எப்போது வளைகிறது என்று முதலில் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு ஸ்டூல் வைத்து, அதில் போனை நிறுத்தி, பக்கவாட்டில் நேர்கோணமாக ஸ்லோ மோஷனில் எடுங்கள். சேலை, நைட்டி எல்லாம் முழங்காலை மறைக்கும். ஷார்ட்ஸ் போடச் சொல்லுங்கள். தொடையெலும்பின் மேல்முனையில் இருக்கும் வெளிப்புடைப்பு, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்காலின் வெளிப்புடைப்பு மூன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் கோணம் பொய் சொல்லும்.

பாதம் பதிந்த உடனே, உடம்பு முன்னால் சாய்ந்து, சில சமயம் கை தொடையை அழுத்தி, முழங்கால் பூட்டிக்கொண்டால் குவாட்ரிசெப்ஸ் மேல் சந்தேகம். குதிகால் பதியாமல் முன்பாதம் முதலில் தட்டி, அப்போதே கீழ்க்கால் பின்னுக்குத் தள்ளப்பட்டால் கெண்டைத்தசையின் ஸ்பாஸ்டிசிட்டி (வேகமாக இழுபட்டால் தசை தானாக முறுக்கிக்கொள்வது). பாதம் முழுக்கப் பதிந்து, உடம்பு அதன் மேலே கடக்க வேண்டிய நேரத்தில் கீழ்க்கால் நின்றுபோய், தொடை மட்டும் முன்னே போனால் கெண்டைத்தசை இறுக்கம். ஸ்ட்ரோக்கில் பின்னிரண்டும் கலந்தே வரும்.

கோனியோமீட்டர் (கோணம் அளக்கும் கருவி) வைத்து டார்சிஃப்ளெக்ஷனை (பாதம் மேல்நோக்கி மடங்குவதை) முழங்கால் நீட்டியும் மடக்கியும் அளந்து பாருங்கள். நீட்டியபோது மட்டும் குறைந்தால் கேஸ்ட்ராக்நீமியஸ் (முழங்காலையும் தாண்டிப் போகும் மேல் கெண்டைத்தசை), இரண்டிலும் குறைந்தால் சோலியஸும் (அதன் அடியில் உள்ள தசை) சேர்ந்திருக்கிறது. பிறகு ஒருமுறை மிக மெதுவாக, ஒருமுறை வேகமாகத் தள்ளி, எங்கே பிடிக்கிறது என்று குறியுங்கள். கடைசியாக, குதிகாலுக்கு அடியில் 1 முதல் 1.5 செ.மீ. அட்டை வைத்து நடக்கவிடுங்கள், பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு. வளைவு குறைந்தால் காரணம் கணுக்கால். முழங்கால் மடங்கி விழப்பார்த்தால் குவாட்ரிசெப்ஸ் தாங்கவில்லை. உட்காரவைத்துப் போடும் கிரேடு 4, நிற்கும்போது அந்தத் தசை வேலை செய்கிறதா என்பதைக் காட்டாது.

அல்சூர் பிசியோ

நன்றி மேடம். பாதம் முழுக்கப் பதிந்த பிறகுதான் வளைகிறது. மெதுவாகத் தள்ளினால் டார்சிஃப்ளெக்ஷன் முழங்கால் நீட்டி 0, மடக்கி 8 டிகிரி. நீட்டிய நிலையில் வேகமாகத் தள்ளினால், அந்த 0-வுக்கு 12 டிகிரி முன்பே பிடிக்கிறது. அட்டை வைத்ததும் வளைவு ஏறக்குறைய பாதியானது, முழங்கால் மடங்கவில்லை.

பதில் 2: ஆர்த்தோட்டிஸ்ட் (ஏ.எஃப்.ஓ. போன்றவை செய்து பொருத்துபவர்), சிவாஜிநகர்

மகள் சொன்னதில்தான் பாதி விடை. ஏ.எஃப்.ஓ.வை ஷூவின் குதி உயரத்தோடு சேர்த்துத்தான் சரிசெய்வோம். நம் வீடுகளில் ஷூவை வாசலிலேயே கழற்றிவிடுவார்கள். குதியில் 1.5 செ.மீ. குறைந்தால் கீழ்க்கால் சுமார் 5 டிகிரி பின்னுக்குச் சாயும், முழங்காலும் கூடவே போகும். டைல்ஸ் தரையில் வெறும் பிளாஸ்டிக் வழுக்கவும் செய்யும். வெளியே போடாத புது ஷூ ஒன்றை வீட்டுக்கென்றே வைக்கச் சொல்லுங்கள், அதே குதி உயரத்தில்.

ஏ.எஃப்.ஓ. எந்த வகை என்றும் பாருங்கள். பின்பக்கம் மட்டும் மெல்லிய பட்டையாக இருப்பது காலை வீசும்போது பாதத்தைத் தூக்கும். பாரம் ஏறும்போது ஸ்பாஸ்டிக் கெண்டைத்தசையை அடக்காது. கணுக்கால் புடைப்புகளைத் தாண்டி முன்வரை வரும் கெட்டியான வகை தேவைப்படலாம். ஷூவோடு நிற்கும்போது கீழ்க்கால் முன்னே 10 முதல் 12 டிகிரி சாய்ந்திருக்கும்படி குதியில் ஆப்பு வைத்துத் தொடங்கலாம். அங்கிருந்து வீடியோ பார்த்து மாற்றுங்கள்.

பதில் 1 தொடர்ச்சி

அளவு தெளிவாக இருக்கிறது: கேஸ்ட்ராக்நீமியஸ் இறுக்கம், அதன் மேல் ஸ்பாஸ்டிசிட்டி. மெதுவாகத் தள்ளுவதற்கும் வேகமாகத் தள்ளுவதற்கும் இடையே 12 டிகிரி வித்தியாசம் வருவதால், ஸ்பாஸ்டிசிட்டியைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி உதவுமா என்று நியூராலஜிஸ்டிடம் கேட்கலாம். இறுக்கம் ஊசியால் போகாது, ஸ்ட்ரெச்சிங்கை விடாதீர்கள்.

ஒன்று கவனம். சுவரைப் பிடித்து நின்று கெண்டைத்தசையை இழுக்கச் சொன்னால், இவர் முழங்காலைத்தான் பின்னுக்குத் தள்ளுவார். இழுவை தசையில் விழாமல் முழங்காலின் பின்பக்க கேப்சூலில் (மூட்டைச் சுற்றிய உறையில்) விழும், வலி கூடும். படுக்கவைத்து, குதிகாலை உங்கள் உள்ளங்கையில் பிடித்து இழுங்கள். முன்பாதத்தை மட்டும் தள்ளினால் பாதத்தின் நடுப்பகுதிதான் வளையும். மணல்மூட்டையை நிறுத்துங்கள். வலது பாதத்தைச் சற்றுப் பின்னே வைத்து நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரட்டும். பிறகு 10 செ.மீ. படியில் வலது காலை வைத்து ஏறட்டும், ஏறி நின்றதும் முழங்கால் 5 முதல் 15 டிகிரி மடக்கத்துக்குள் நிற்க வேண்டும். கண்ணை மூடவைத்து மூட்டு நிலை உணர்வையும் சோதியுங்கள். அது குறைந்திருந்தால் கண்ணாடி முன் பயிற்சி, கூடவே வளைவைத் தடுக்கும் முழங்கால் பிரேஸ்.