ஈக்கோவுக்குள் இரண்டாவது பேட்டரி: சீட்டுக்குப் பின்னால் வைக்கலாமா?

ஜூஸ்வண்டி:
சனி, ஞாயிறு ஏற்காட்டில் என் மாருதி ஈக்கோ வேனிலேயே ஜூஸ் கடை போடுகிறேன். இன்ஜினை அணைத்த பிறகும் சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த டியூபுலர் பேட்டரி சும்மா கிடக்கிறது. பின்சீட்டுக்குப் பின்னால் பலகைப் பெட்டி அடித்து அதற்குள் வைத்து மூடிவிடலாமா? சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் ஒன்றும் ஆகாது என்கிறார். மழை நாளில் கண்ணாடி ஏற்றியே இருக்கும், அதுதான் உறுத்துகிறது.

கோரிமேடு:
உறுத்துவது சரிதான் தம்பி. உங்கள் டியூபுலர் மாதிரி தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். மூடிய பெட்டிக்குள் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) 'டிக்' என்று விழுந்தாலும் பொறிதான். போதாததற்கு 20 கொண்டை ஊசி வளைவு; ஆசிட் மூடி வழியாகத் தளும்பி வெளியே வரும். வண்டிக்குள் வேண்டவே வேண்டாம்.

ஜூஸ்வண்டி:
சீல்டு பேட்டரி என்றால் பரவாயில்லையா அண்ணா?

கோரிமேடு:
சீல்டில் ஏஜிஎம் வகை தளும்பாது, ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறி இருக்கும். ஆனால் அதிலும் வால்வு உண்டு, சார்ஜ் மிஞ்சினால் திறந்து வாயு விடும். வென்ட் குழாய் (வாயு வெளியேறும் குழாய்) மாட்ட வசதியுள்ளதாகப் பார்த்து வாங்கி, குழாயைத் தரை வழியாக வெளியே விடுங்கள். எப்போதாவது அழுகின முட்டை வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்து இறங்கிவிடுங்கள். கையில் காசு இருந்தால் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டு சர்க்யூட்) உள்ள லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரி எடுங்கள். சாதாரணமாக வாயு விடாது, எடையும் பாதிக்குக் கீழே. அதற்கு டிசி-டிசி சார்ஜர் (வண்டி மின்சாரத்தை அந்தப் பேட்டரிக்கு ஏற்ற அளவில் ஏற்றும் கருவி) கட்டாயம்.

சூரமங்கலம்:
எல்லோரும் வாயுவையே பேசுகிறீர்கள். வண்டி தீப்பிடிப்பது பெரும்பாலும் வயரில். முன் பேட்டரியிலிருந்து பின்னால் வரும் வயருக்கு இரண்டு முனையிலும் மின்சாரம் இருக்கிறது. அதனால் இரண்டு பாசிட்டிவ் முனைக்கும் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள், ஆளுக்கொரு ஃப்யூஸ். நிறைய பேர் ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லையென்றால் மலை ரோட்டு அதிர்விலேயே வயர் தோல் உரிந்துவிடும்.

பேட்டரியை நைலான் கயிற்றால் கட்டாதீர்கள். இரும்புப் பட்டை, தரைக்கு போல்ட், கீழே அகல வாஷர். துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், பெட்ரோல் லைன் எங்கே ஓடுகிறதென்று. முன்சீட்டுக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள். ஈக்கோவில் இன்ஜினே அங்கேதான், சூடு தாங்காது.

ஜூஸ்வண்டி:
சரிண்ணா, லித்தியமே பார்க்கிறேன். அப்போ பழைய டியூபுலர்?

சூரமங்கலம்:
புது இன்வெர்ட்டர் பேட்டரி வாங்குகிற கடையில் கொடுத்தால் ஈயத்துக்காக விலையில் கழிப்பார்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வெறும் டப்பாவைக் கொண்டுபோகாதீர்கள்.