ஆறு பேருக்குள் யாரையும் கண்டுபிடிக்கலாம் என்பது உண்மையா?

விசுவமடுப் பெடியன்:
போன கிழமை வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் வந்தேன். ஓமந்தை தாண்டியதும் பக்கத்தில் இருந்த அம்மா "தம்பி எந்த இடம்?" என்று தொடங்கினார். விசுவமடு என்றேன். "அங்கே ஆற்றை மகன்?" முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது: 1995இல் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த அவருடைய குடும்பம் எங்கள் அப்பப்பாவின் வளவில்தான் கொட்டில் போட்டு இருந்திருக்கிறது. பிடித்த கையைக் கிளிநொச்சி வரை அவர் விடவில்லை.

யாரை எடுத்தாலும் ஆறு பேர் வழியாகப் போய்ச் சேரலாம் என்கிறார்களே, அது உண்மையா, இல்லை எங்கள் இடம் சின்னது என்பதால் இப்படி நடக்கிறதா? காரணத்தோடுதான் கேட்கிறேன். 2008 கடைசியில் அதே வளவில் மல்லாவி ரீச்சர் ஒருவர் இருந்தார். பங்கர் வாசலில் பாயைப் போட்டு, மண்ணில் ரொட்டி மாதிரி வட்டம் கீறி எனக்குப் பின்னக் கணக்குச் சொல்லித் தந்தவர். 2009 ஜனவரியில் எல்லாரும் வெளிக்கிட்டபோது பிரிந்தோம். அவரைத் தேடுகிறேன்.

ஓமந்தை அக்கா:
தம்பி, ஐந்து பேர் வழியாக யாரையும் அடையலாம் என்று 1929இலேயே ஹங்கேரி எழுத்தாளர் கரிந்தி ஒரு கதையில் எழுதிவிட்டார். சோதித்துப் பார்த்தவர் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராம், 1960களில். பாஸ்டனில் வேலை செய்த ஒரு பங்குத் தரகருக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும், ஆனால் நேரே தபாலில் போடக்கூடாது, பெயர் சொல்லிப் பழகும் ஒருவருக்குத்தான் அனுப்பலாம். 296 பேரிடம் தொடங்கி 64 கடிதங்கள் வந்து சேர்ந்தன, இடையில் சராசரி ஐந்து பேர், அதாவது ஆறு படி. 2011இல் ஃபேஸ்புக்கில் இருந்த 72 கோடிப் பேரைக் கணக்கிட்டபோது சராசரி தூரம் 4.74 படி என்று வந்தது, அதாவது இடையில் நாலு பேருக்கும் குறைவு.

எல்லாரும் அந்த 64ஐத்தான் சொல்வார்கள், எனக்கு மற்ற 232தான் மனதில் நிற்கிறது. பல கடிதங்கள் யாரோ ஒருவர் அடுத்த ஆளுக்குக் கொடுக்காததால் நின்றுபோனவை. ஆகவே வழி இருக்கும், நீங்கள்தான் விடாமல் கேட்க வேண்டும்.

மாங்குளத்தான்:
இடம் சின்னது என்பது காரணம் இல்லை. ஒரே ஊருக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்தால் செய்தி அங்கேயே சுற்றும். தூரத்து ஆட்களோடு ஒன்றிரண்டு தொடர்பு இருந்தாலே மொத்த தூரமும் சட்டென்று குறையும் என்று வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரண்டு பேர் 1998இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வன்னியில் அப்படித் தொடர்பு இல்லாத வீடு எது? 1977 கலவரத்தோடு மலையகத்தில் இருந்து வந்து இங்கே குடியேறியவர்கள், 95இல் வந்தவர்கள், பிறகு செட்டிகுளத்து முகாமில் அடுத்த கூடாரத்தில் இருந்தவர்கள், இன்று கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள். வேண்டி வந்த உறவுகள் இல்லை, ஆனாலும் இருக்கின்றன.

அதனால் சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், அவர்களுக்குத் தெரிந்தவர்களை உங்களுக்கும் தெரியும். அரைகுறையாய்ப் பழகிய ஆளைப் பிடியுங்கள். அந்த பஸ் அம்மாவின் நம்பர் வாங்கினீர்களா? ரீச்சரின் பெயரை மட்டும் இங்கே போட வேண்டாம்.

விசுவமடுப் பெடியன்:
வாங்கினேன் அண்ணை. அன்று இரவே எடுத்தேன். அவருடைய மருமகள் துணுக்காய்ப் பக்கம் படிப்பிக்கிறாராம், அவர் தன்னோடு வேலை செய்யும் ஒருவரைக் கேட்க, அந்த ஆள் ரீச்சரின் தங்கையோடு ஒன்றாகப் படித்தவர். தங்கையோடு சேர்த்தால் இடையில் நாலு பேர். ரீச்சர் இப்போது மன்னாரில் இருக்கிறார். நேற்று நம்பர் வந்தது. இன்னும் எடுக்கவில்லை, அவருடைய இரண்டு பிள்ளைகளும் எங்கே என்று எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஓமந்தை அக்கா:
அதை நீங்கள் கேட்க வேண்டாம் தம்பி, அவராகச் சொல்லட்டும். பாயையும் வட்டத்தையும் சொல்லித் தொடங்குங்கள். இன்றைக்கே எடுங்கள்.