தடித்த ஸ்டென்சில் எழுத்துருவை எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?

கேள்வி – வரைபலகை

வணக்கம். கருவிக் கிடங்கு ஒன்றுக்காகப் பெயர்ப்பலகை, மரப்பெட்டிகளின் மேல் இடும் குறிகள், சிறு கையேடு ஆகியவற்றை வடிவமைத்து வருகிறேன். தொழிற்சாலைச் சாயல் கொண்ட தடித்த ஸ்டென்சில் எழுத்துரு (எழுத்து வடிவில் வெட்டிய தகட்டின் வழியே வண்ணம் அடித்ததுபோல் தோன்றும் எழுத்து) ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பலகையில் அது கம்பீரமாக நிற்கிறது. கையேட்டின் பத்திகளிலோ பக்கமே கறுத்துப்போய்ப் படிக்கச் சிரமமாக இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே எழுத்துரு பொருந்துமா? பெட்டிக்கான தகட்டையும் இதே கோப்பிலிருந்து வெட்டலாமா?

பதில் – அச்சுக்கோப்பு

பத்திகளுக்கு வேண்டவே வேண்டாம். இவ்வகை எழுத்தின் குணம் தடிப்பில் இல்லை, இடையில் விழும் வெட்டுகளில் இருக்கிறது. ஆங்கில ‘ஓ’வைத் தகட்டில் முழு வளையமாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும் என்பதால், அதைப் பிடித்துக்கொள்ள மேலும் கீழும் வெட்டாமல் விடும் பட்டைகளைத்தான் பாலம் என்கிறோம். வண்ணம் அடித்த பிறகு அந்த இடம் வெறுமையாக நிற்கிறது. 1937-இல் லட்லோ நிறுவனத்துக்காக ராபர்ட் ஹண்டர் மிடில்டனும், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ஜெர்ரி பவலும் ‘ஸ்டென்சில்’ என்ற ஒரே பெயரில் ஆளுக்கோர் உலோக அச்செழுத்தை வெளியிட்டார்கள். பவலின் எழுத்தில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. உலோக அச்சில் பாலத்துக்கு எந்த வேலையும் இல்லை. சரக்குப்பெட்டியின் தோற்றம் வேண்டும் என்பதற்காகவே அந்த வெட்டுகளை வைத்தார்கள். ஆகவே தலைப்பு, எண், இரண்டு மூன்று சொற்கள் என்ற அளவோடு நிறுத்திவிட்டு, பத்திகளுக்கு அலங்காரமற்ற, மெலிந்த எழுத்துரு ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளுக்கு இடையிலான வெளியையும் கவனியுங்கள். அது பாலத்தின் அகலத்துக்குச் சமமாகிவிட்டால், ஆங்கில ‘டி’யின் (D) வளைந்த பாதி தன் தண்டை விட்டு அடுத்த எழுத்தோடு சேர்ந்துகொண்டதுபோல் தெரிந்து, சொல்லே உடைந்துவிடும். இடைவெளியைச் சற்றுத் தாராளமாகவே விடுங்கள்.

பதில் – தகடுவெட்டி

கோப்பை அப்படியே வெட்டக் கொடுத்துவிடாதீர்கள். அழகுக்காக வரையப்பட்ட எழுத்துருக்கள் சிலவற்றில் எல்லா எழுத்துகளுக்கும் பாலம் இருப்பதில்லை. குறிப்பாக 4, 6, 8, 9, 0 ஆகிய எண்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலும், எழுத்தைச் சிறிதாக்கும்போது பாலமும் சேர்ந்தே மெலிந்துவிடும். பாலத்தின் அகலம் தகட்டின் தடிமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்கு அதைவிடப் பல மடங்கு தேவை, இல்லாவிட்டால் துடைக்கும்போதே கிழிந்துவிடும்.

வண்ணத்தைத் தூரிகையில் ஏறக்குறைய உலர்ந்த பதத்தில் எடுத்து, இழுக்காமல் ஒற்றி ஒற்றி வையுங்கள். நீர்த்த வண்ணம் தகட்டின் அடியில் கசிந்தால் பாலத்தின் கூரிய விளிம்புதான் முதலில் கெடும். விளிம்பு கெட்டால் இந்த எழுத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வரைபலகை

இருவருக்கும் மிக்க நன்றி. கையேட்டில் தலைப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். பெட்டியில் தமிழ்ப் பெயரும் இடம்பெற வேண்டும். அதற்கும் இதே முறைதானா?

பதில் – தகடுவெட்டி

முறை அதேதான். ‘ப’, ‘ட’ போன்ற திறந்த எழுத்துகளுக்குப் பாலமே தேவையில்லை. ‘ண’, ‘ன’ ஆகியவற்றின் சுழிகளில்தான் சிக்கல்: சுழி சிறியதாக இருந்தால் பாலமே அதை அடைத்துவிடும். சுழியைப் பெரிதாக வரைந்துகொண்டு, ஒரே பக்கத்தில் ஒரு பாலம் கொடுங்கள். திறந்த எழுத்துகளிலும் தோற்ற ஒற்றுமைக்காக ஓரிரு வெட்டுகள் வைத்தால், ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் இணையாக நிற்கும்.