ஓநாய்க் கூட்டங்களின் எல்லைச் சண்டை: கண்காட்சிப் பலகையில் எதைத் திருத்த வேணும்?

வல்லைவெளி:
வணக்கம். பாடசாலைக் கண்காட்சிக்குப் பிள்ளையள் ஓநாய்களைப் பற்றி ஒரு பலகை செய்யினம். 120 சென்ரிமீற்றருக்கு 90 சென்ரிமீற்றர். நடுவில ரெஜிபோமில மூண்டு கூட்டங்களின்ர எல்லை வரைபடம், பக்கத்தில குறிப்புகள். இணையத்தில பார்த்து நாலு குறிப்பு எழுதியிருக்கினம்:

"சண்டை பிடித்து மற்றவற்றை அடக்கிய ஆண் ஓநாயே தலைவன், ஆல்பா."
"சிறுநீரால் கோடு போட்டு எல்லை பிரிக்கும். கோட்டைத் தாண்டினால் சண்டை."
"ஊளை என்பது சண்டைக்கு அழைப்பு."
"பெரிய கூட்டமே எப்போதும் வெல்லும்."

எது சரி, எது பிழை? வரைபடத்துக்கு என்ன அளவுத்திட்டம் எடுக்கலாம்? அமெரிக்காவின்ர யெலோஸ்டோன் பூங்காவை வைச்சுச் செய்யிறதுதான் எண்ணம்.

பனங்கூடல்:
முதல் குறிப்பை முழுசா எடுத்துவிடுங்கோ சேர். 1947 இல ருடோல்ஃப் ஷெங்கெல் எண்ட ஆய்வாளர் சுவிற்சர்லாந்தின்ர பாசல் விலங்குக் காட்சிச்சாலையில அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதினதில இருந்து வளர்ந்த கதை அது. வேலிக்குள்ள நிண்டா விலகிப்போக இடமில்லை, மோதத்தான் செய்யும். அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970 இல எழுதின புத்தகம் அந்தக் கருத்தை உலகம் முழுக்கப் பரப்பினது. பிறகு 1986 தொடக்கம் கனடாவின்ர வடகோடியில உள்ள எல்ஸ்மியர் தீவில காட்டு ஓநாய்களைக் கிட்ட நிண்டு பார்த்த அதே மெக்தான், 1999 இல "இந்தச் சொல் பொருந்தாது" எண்டு கட்டுரையும் எழுதினார். ஆனா இணையம் இன்னும் 1970 இலதான் நிக்குது.

காட்டில ஒரு கூட்டம் எண்டால் பொதுவா ஒரு குடும்பம். தாய், தகப்பன், இந்த வருசக் குட்டியள், போன வருசக் குட்டியள், சிலவேளை அதுக்கு முந்தின வருசத்ததுகளும். சேர்க்கை தை முதல் பங்குனிக்குள்ள, வருசத்துக்கு ஒருக்கா. கர்ப்பம் 63 நாள் அளவில. குட்டி பெரும்பாலும் 4 முதல் 6. வளர்ந்த பிள்ளையள் ஒண்டு முதல் மூண்டு வயதுக்குள்ள வெளிக்கிட்டு, வேற கூட்டத்துப் பிள்ளையோட சோடி சேர்ந்து வெறும் இடம் தேடும். தகப்பனை அடிச்சு விழுத்த வேண்டிய தேவையே வாறேல்லை.

அதனால ஏணி மாதிரி வரையாதேங்கோ, குடும்ப மரமா வரையுங்கோ. "ஆல்பா" எண்ட இடத்தில "இனப்பெருக்கச் சோடி" எண்டு எழுதினாப் போதும். இரை தாராளமா உள்ள இடத்தில பெரிய கூட்டங்களில ரெண்டு மூண்டு பெண் குட்டி போடுறதும் உண்டு, அதைக் கீழ ஒரு வரியா வையுங்கோ.

படம் தெரிவு செய்யிறதிலயும் கவனம். பல்லைக் காட்டி ஒண்டு மேல நிக்க மற்றது மல்லாந்து கிடக்கிற படங்கள் கனக்க அடைப்புக்குள்ள எடுத்தவை. அது கூட்டத்துக்குள்ள நடக்கிற பணிவு: வால் கவட்டுக்குள்ள, காது பின்னால, மற்றதின்ர மூஞ்சியை நக்கும், பெரும்பாலும் இரத்தம் வராது. வேற கூட்டத்தோட மோதினா வாலைத் தூக்கிக்கொண்டு எல்லாமாத் துரத்தும், பிடிபட்ட ஒண்டைப் பலது சேர்ந்து கடிக்கும். முதல் படத்தைப் போட்டு "எல்லைச் சண்டை" எண்டு எழுதினா, தெரிஞ்ச ஆள் வந்து சிரிக்கும்.

தொண்டைமானாறு_கரை:
அளவுத்திட்டத்துக்கு வெளியில தேட வேண்டாம். புவியியல் பாடத்தில பாவிக்கிற இடவிளக்கப் படத்தின்ர 1:50,000 போதும். 2 சென்ரிமீற்றர் = 1 கிலோமீற்றர். உங்கட பலகை அப்ப 60 கிலோமீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஆகும். யெலோஸ்டோனில ஒரு கூட்டத்தின்ர பரப்பு சில நூறு சதுர கிலோமீற்றர். 300 எண்டு எடுத்தா குறுக்களவு 20 கிலோமீற்றர் அளவில வரும், பலகையில 40 சென்ரிமீற்றர். மூண்டும் முக்கோணமா வடிவா அடங்கும். வட்டமாக வெட்டாதேங்கோ, ஆறு, மலை, மான் நிக்கிற பள்ளத்தாக்கு எண்டு வளைஞ்சு நெளிஞ்சு போகட்டும். பாக்கிற ஆக்களுக்கு விளங்க ஒரு மூலையில எங்கட மாவட்டத்தைச் சின்னதா வரைஞ்சு விடுங்கோ. முழு யாழ் மாவட்டமும் ஆயிரம் சதுர கிலோமீற்றர் சொச்சம்தான். ஆர்க்டிக் பக்கம் ஒரே கூட்டம் அதைவிடக் கூட இடம் வைச்சிருக்கும்.

ரெண்டாவது குறிப்பில "கோடு" எண்ட சொல்தான் பிழை. ஓநாய் எல்லையைச் சுத்திக் கோடு போடுறேல்லை. நடந்து திரியிற பாதையள் முழுக்க, உள்ளயும்தான், கால் தூக்கித் தெளிக்கும், எச்சம் போடும், நிலத்தைப் பிறாண்டும். அமெரிக்காவின்ர மினசோட்டா மாநிலத்தில பீற்றர்ஸும் மெக்கும் 1975 இல வெளியிட்ட ஆய்வில பாதை வழிய சராசரியா 240 மீற்றருக்கு ஒரு அடையாளம். ஓரத்தில நடுப்பகுதியைப் போல ரெண்டு மடங்கு நெருக்கம், ஏனெண்டால் பக்கத்துக் கூட்டத்தின்ர மணம் பட்ட இடத்தில திருப்பித் திருப்பித் தெளிக்கும்.

உங்கட அளவில 240 மீற்றர் எண்டது அரைச் சென்ரிமீற்றருக்கும் குறைவு. அவ்வளவு குண்டூசி குத்தினா ரெஜிபோம் பிஞ்சுபோம். பத்து அடையாளத்துக்கு ஒரு ஊசி எண்டு வையுங்கோ: உள்பாதையில 5 சென்ரிமீற்றருக்கு ஒண்டு, ஓரத்தில இரண்டரைக்கு ஒண்டு. "ஒரு ஊசி = 10 அடையாளம்" எண்டு விளக்கக் குறியில கட்டாயம் போடுங்கோ.

எல்லையைக் கோடாக இல்லாமல் பட்டையா நிறம் தீட்டுங்கோ. மெக் 1994 இல காட்டினது: வேற ஓநாய்களால கொல்லப்பட்டதுகளில 91 சதவீதம் எல்லை ஓரத்தில இருந்து உள்ள வெளிய 3.2 கிலோமீற்றருக்குள்ள. பலகையில அது ரெண்டு பக்கமும் ஆறரைச் சென்ரிமீற்றர் அளவு. பயத்தில ரெண்டு கூட்டமும் அந்தப் பட்டையில கனநேரம் நிக்காது, அதனால அங்க மான் தப்பிப் பிழைக்கும். பட்டைக்குள்ள சின்ன மான் பொம்மை ரெண்டு நட்டுவிடலாம்.

நாகர்கோவில்_மணல்:
ஊளையைப் பற்றி ஒருதரும் சொல்லேல்லை. அது பெரும்பாலும் சண்டையைத் தவிர்க்கத்தான். காட்டில 10 கிலோமீற்றர், வெட்டவெளியில 16 கிலோமீற்றர் வரை கேக்கும். தூரத்தில நிக்கிறது கேட்டு விலகிப் போகும். சிதறின தன்ர கூட்டத்தைச் சேர்க்கவும் ஊளைதான். புதுசா விழுத்தின இரையோ குட்டியோ பக்கத்தில இருந்தா இடத்தைவிட்டு அசையாமல் பதில் ஊளை போடும். தனி ஓநாய் பெரும்பாலும் வாயே திறக்காது, தன்ர இடத்தைக் காட்டிக் குடுத்தா உயிர் போகும்.

நாலாவது குறிப்புக்கு யெலோஸ்டோன் கணக்கு இருக்கு. கிரா காசிடி எண்ட ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2015 இல வெளியிட்டது. எதிரியைவிட ஒரு ஓநாய் கூட இருந்தா வெற்றி வாய்ப்பு விகிதம் 140 சதவீதம் கூடும், வளர்ந்த ஆண் ஒண்டு கூட இருந்தா 65 சதவீதம், ஆறு வயதுக்கு மேற்பட்ட கிழட்டு ஓநாய் இருந்தா 150 சதவீதம். பிள்ளையள் இதை "140 சதவீதம் வெல்லும்" எண்டு எழுதிப்போடுவினம், பாருங்கோ. அது வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள விகிதம். 1:1 இருந்தது 2.4:1 ஆகுது, அதாவது நூறில 71 அளவு. தலைக்கணக்கு முக்கியம்தான், ஆனா எப்ப மோதுறது, எப்ப திரும்பிறது எண்டு தெரிஞ்ச ஒரு கிழம் அதுக்கு ஈடு குடுக்கும்.

உதாரணத்துக்கு ட்ரூயிட் கூட்டத்தின்ர வரலாற்றைப் போடுங்கோ, வேற ஒண்டும் தேவையில்லை. 1995, 1996 இல கனடாவில இருந்து கொண்டுவந்து விட்ட 31 ஓநாய்களில ட்ரூயிட் 1996 வரவு. வந்த வருசமே லாமர் பள்ளத்தாக்கில கிறிஸ்டல் கிறீக் கூட்டத்தின்ர தகப்பனைக் கொன்று, மிஞ்சினதுகளைத் துரத்திச்சுது. அதுகள் பெலிக்கன் பள்ளத்தாக்குக்குப் போய்க் காட்டெருமை வேட்டை பழகிச்சுதுகள், பேரும் மொலீஸ் எண்டு மாறிச்சுது. ட்ரூயிட்டில 2000 ஆம் ஆண்டு 40 ஆம் இலக்கப் பெண் ஓநாயைச் சொந்தக் கூட்டமே கொன்றுது (ஆய்வாளர்கள் ஓநாய்களுக்கு இலக்கம் குடுக்கிறவை). அதின்ர சகோதரி, 42 ஆம் இலக்கம், குட்டியள் எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்து வளர்த்து 21 குட்டியில 20 தப்பி, 2001 இல கூட்டம் 37 ஆச்சு. 2004 இல அந்த 42 ஆம் இலக்கத்தைக் கொன்றது மொலீஸ். பிறகு சொறி நோயும் மற்றக் கூட்டங்களும் சேர்ந்து 2010 அளவில ட்ரூயிட்டே இல்லாமல் போச்சு.

பூங்காவுக்குள்ள ஓநாய் இயற்கையாச் சாகிறதுக்கு முதல் காரணம் மற்ற ஓநாய்தான், இதைப் பெரிய எழுத்தில போடலாம்.

பனங்கூடல்:
ஒண்டைச் சேர்க்கிறன். தொண்டைமானாறு சொன்ன 240 மீற்றரும் 3.2 கிலோமீற்றரும் மினசோட்டாக் கணக்கு, அங்க இரை வெண்வால் மான். யெலோஸ்டோனில முக்கிய இரை எல்க் மான். ரெண்டையும் ஒரே வரைபடத்தில கலந்தா "மினசோட்டா அளவீடு" எண்டு பக்கத்தில எழுதுங்கோ.

இலங்கையில ஓநாய் இல்லை. எங்கட பக்கம் உள்ளது நரி, அதுவும் சோடியா இடம் பிடிச்சு, சிலவேளை போன வருசக் குட்டியை உதவிக்கு வைச்சுக்கொண்டு வாழும். கேட்டா அதைச் சொல்லலாம். தெருநாயை உதாரணம் காட்ட வேண்டாம்: கூட்டத்தில பல பெட்டையள் குட்டி போடும், தகப்பன் இரை கொண்டுவந்து குடுக்கிறது அபூர்வம்.

வல்லைவெளி:
நன்றி எல்லாருக்கும். நாலாவதை "எண்ணிக்கை கூடிய கூட்டம் பெரும்பாலும் வெல்லும், அனுபவமுள்ள முதிய ஓநாய் இருந்தால் சிறிய கூட்டமும் வெல்லக்கூடும்" எண்டு மாத்தினாச் சரியோ?

நாகர்கோவில்_மணல்:
சரி. "முதிய" எண்டதுக்குப் பக்கத்தில "6 வயதுக்கு மேல்" எண்டு போடுங்கோ. இல்லாட்டி 12 வயதோ 15 வயதோ எண்டு நினைப்பினம், காட்டில அவ்வளவு காலம் இருக்கிறது அபூர்வம்.