டி.என்.ஆர். தாள் இருந்தும் அப்பாவின் நெஞ்சை அமுக்கினார்கள்

ஜெலுத்தோங் மகள்:
அப்பாவுக்குக் கல்லீரலில் புற்று. "என்னைப் போட்டுக் குத்தி எழுப்பாதீங்கம்மா" என்று அவரே சொல்லித்தான் டாக்டர் டி.என்.ஆர். எழுதினார், அதாவது இதயம் நின்றால் நெஞ்சை அமுக்கி எழுப்ப வேண்டாம் என்கிற தாள். கடைசிக்கட்ட நோயாளிகளைப் பார்க்கும் ஹொஸ்பிஸிலிருந்து மிஸ்ஸி (நர்ஸ்) வீட்டுக்கே வந்து பார்த்தார். ஒருநாள் விடியற்காலை மூச்சு விட்டுவிட்டு வந்தது. தம்பி பயந்துபோய் ஆம்புலன்ஸுக்கு, 999க்கு போன் அடித்துவிட்டான். வந்தவர்கள் அப்பாவைத் தரையில் இறக்கி அமுக்கத் தொடங்கினார்கள். தாள் என் கைப்பையில், கைப்பை காரில். சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். விலா எலும்பு 'மடக்'கென்றது. எட்டு மாதமாகிறது. முருங்கைக்காய் ஒடிக்க முடியவில்லை.

செந்தூல் மூத்தவன்:
தங்கச்சி, தம்பியைக் குறை சொல்லாதே. பெற்றவர் மூச்சு நிற்கும்போது தாளையா பார்ப்பான்? எங்கம்மாவுக்கு நடுராத்திரி, வார்டு வாசலில் நிற்க வைத்தே "டி.என்.ஆரா, எல்லாம் செய்யவா?" என்று டாக்டர் கேட்டார். "எல்லாம் செய்யுங்க" என்றேன். மூச்சுக்கு ட்யூப் போட்டு ஒன்பது நாள். பிடுங்கிவிடாமலிருக்க இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அம்மா என்னைப் பார்ப்பார், பிறகு கட்டைப் பார்ப்பார். நான் அவிழ்க்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், டி.என்.ஆருக்குச் சம்மதிப்பது கைவிடுகிற மாதிரிதான்.

பட்டர்வொர்த் அக்கா:
இல்லைங்க அண்ணே, அது கைவிடுவது இல்லை. என் வீட்டுக்காரருக்கும் எழுதியிருந்தோம். வலிக்கான மார்ஃபின் ஒரு வேளைகூட நிற்கவில்லை. வாயை நனைத்தோம், புரட்டிப் படுக்க வைத்தோம், என் கையைப் பிடித்தபடியே போனார். நெஞ்சமுக்குவது, ட்யூப் போடுவது, இவைதான் வேண்டாமென்பது. அமுக்குவதென்றால் 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. புற்று தின்ற உடம்பு அதைத் தாங்குமா? தாங்கினாலும் புற்று அங்கேயேதானே இருக்கும்?

வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நம் மலேசியாவில் இதற்கென்று தனிச்சட்டம் கிடையாது, அதனால் பேச்சுதான் முக்கியம். தாளின் நகலை ஐஸ்பெட்டியில் ஒட்டுங்கள். ஹொஸ்பிஸ் நம்பர் எல்லார் போனிலும் இருக்கட்டும், ராத்திரி யாரைக் கூப்பிடுவது என்று முன்பே கேட்டு வையுங்கள். 999இல் வருகிறவர்களுக்கு உயிரைக் காப்பதுதான் வேலை, தாளைக் காட்டாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? கோலாலம்பூர்க்காரர்களே, ஹொஸ்பிஸ் மலேசியா 1991இலிருந்து இருக்கிறது, வீட்டுக்கு வந்து பார்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை. வீட்டில் உயிர் போனால் அடக்கத்துக்குப் பெர்மிட் எடுக்க வேண்டும், நோயாளியின் ஐ.சி. (அடையாள அட்டை), ஆஸ்பத்திரிக் கடிதம் இரண்டையும் ஒரே உறையில் வையுங்கள். கடைசியில் மூச்சு விட்டுவிட்டு வரலாம் என்பதைப் பிள்ளைகள் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

ஜெலுத்தோங் மகள்:
அக்கா, மூச்சு அப்படி வருமென்று மிஸ்ஸி என்னிடம் சொன்னார். தம்பிக்கு அன்று பாயான் லெப்பாஸில் நைட் ஷிப்ட். வந்ததும் சொல்லலாமென்று இருந்தேன். சொல்லவில்லை. அவனும் இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை.