இரைப்பை பைபாஸ் செய்த சைவக்காரர்கள் இருக்கிறீர்களா?
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு (52 வயது, சர்க்கரை உண்டு) நாலு மாதம் முன்பு இரைப்பை பைபாஸ் (எடை குறைய, இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைப்பது) ஆபரேஷன் நடந்தது. 118 கிலோ இருந்தவர் இப்போது 91. இன்சுலின் நின்றதே பெரிய நிம்மதி. ஆனால் சாப்பாடு தினமும் போராட்டம்தான்.

போன வாரம் கோயில் சர்க்கரைப் பொங்கல் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, ஜாக்கெட் நனைய வியர்த்து, திண்ணையிலேயே சாய்ந்துவிட்டார். பயந்தே போனேன். இனிப்பு சிறுகுடலுக்குள் வேகமாக இறங்குவதால் வரும் 'டம்பிங்' என்றார் டாக்டர். அதோடு இனிப்பை நிறுத்திவிட்டோம்.

இப்போது தலை வாரினால் சீப்பு நிறைய முடி. இந்தச் சமயத்தில் கொட்டுவது வழக்கம்தானாம், புரதம் குறைந்தால் இன்னும் கூடுமாம். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பனீர் நெஞ்சிலேயே நிற்கிறது. எண்டோஸ்கோப்பியில் பார்த்ததில் சாப்பாடு இறங்கும் வழியில் சுருக்கம் எதுவும் இல்லை. புரோட்டீன் பவுடர் வாசனைக்கே குமட்டுகிறார். பாசிப்பருப்பு மசியலும் கெட்டித் தயிரும் மட்டும் வயிற்றில் தங்குகிறது.

மருந்து, பி12 ஊசி எல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்கிறார். எனக்கு வேண்டியது அடுப்படி அனுபவம். சோயா, உளுந்தங்கஞ்சி உங்களுக்கு இறங்கியதா? எந்த மாதத்திலிருந்து? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.